பிள்ளைக்காம்பராவின் தூண்கள்

இன்று காலை புதிய பற்பசையை எடுத்த பிறகு, காலி அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சன்னலோரத்தில் நிறுத்தி வைத்தேன். நான்கு முகங்கள், உள்ளே வெறும் காற்று. வெளியே குன்னூர் மூடுபனிக்குள் போய்விட்டிருந்தது. உன் சமையலறையில் இப்படி ஒரு பெட்டியைத்தான் நீ அரிவாள்மனையில் மூன்றாக நறுக்கினாய்.

இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தபோது நமக்கு ஆறு வயது. தலைமன்னாரில் ஏறிய கப்பலை விட்டு இறங்கி இரண்டு நாளாகியும், மண்டபம் முகாமில் தரை ஆடிக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் யாருக்கும் ஆடவில்லை. நீ கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இந்த நாடு இன்னும் நிக்கல புள்ள" என்றாய். நானும் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். கம்பம் மட்டும் ஆடாது என்று நம்பினோம். பிறகு இந்த மலைக்கு வந்தோம். நான் கோவைக்குப் போய்க் கட்டடப் பொறியியல் படித்தேன். நீ ஒரு பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவரைவிட நேர்த்தியாக இரும்பைப் பற்றவைக்கக் கற்றாய்.

மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் குழந்தைகள் காப்பகம் கட்ட வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். உன்னிடம் சொன்னதும், "புள்ளக்காம்பராவா? அப்ப நான்தான் செய்வேன்" என்றாய். அக்கரையில் நம் அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது நம்மை விட்டுப்போன இடத்தின் பெயர் அது.

மாடி வைத்த எஃகுச் சட்டகம். தூண்கள் எல்லாம் சதுரக் குழாய்கள். பெரிய கதவுகள் வேண்டும் என்பதால் குறுக்குக் கம்பிகள் கிடையாது. நிலம் குலுங்கினால் விட்டம் வளையலாம், தூணும் மூட்டும் நின்றாக வேண்டும். விட்டம் இழுக்கும்போது குழாயின் மெல்லிய முகம் பிதுங்கிவிடாமலிருக்க, விட்டத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நேராகக் குழாய்க்குள் தகடுகள் வரைந்தேன். தாளில் அழகாக இருந்தது.

ஒருநாள் தொலைபேசியில் கேட்டாய்: "ஒரு மொகத்த அறுத்துத் தெறந்து, தகட்ட மூணு பக்கம் பத்தவெச்சுட்டேன். மூடிட்டா நாலாவது பக்கத்துக்குக் கை போக ஏலாது. என்னா செய்ய?"

எனக்கு வேறு ஏதோ அவசரம். "நீ பாத்து முடிச்சிரு" என்றேன்.

தூண்கள் உன் பட்டறையில் படுத்திருந்த நாளில் எஸ்டேட் மேனேஜர் வந்தார். ஒரு முனையில் டார்ச் அடிக்கச் சொல்லி, மறுமுனையில் கண்ணை வைத்தார். தகடுகள் சுற்றிலும் ஒட்டியிருந்தால் இருட்டு மட்டுமே தெரிய வேண்டும். ஓரமாக ஒளி ஒரு நூல்போல வந்துகொண்டிருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். தூக்கத்தில் இன்னமும் அந்த நூல் வருகிறது.

"ஏனுங்கம்மா, நாலாவது பக்கத்த யாருக்குங்க மிச்சம் வெச்சிருக்கீங்க? கேட்டு, கிரில்லு செய்யற பட்டறையில கொண்டாந்து, புள்ளைங்க தூங்கற எடத்தக் குடுத்தேன் பாருங்க!"

நீ என்னைப் பார்த்தாய். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"என் தப்புதாங்க. மாத்தித் தாறேன்" என்றாய்.

அன்று மாலை நீ என்னைத் திட்டவில்லை. பற்பசையை உருவிப் போட்டுவிட்டு, பெட்டியை மூன்றாக நறுக்கினாய். யாருடையதோ கல்யாணப் பத்திரிகையிலிருந்து இரண்டு அட்டைகள் வெட்டி, துண்டுகளுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகினாய்.

"உள்ள வைக்காத. தூணையே அறுத்து நடுவுல வையி. நாலு பக்கமும் வெளியில நின்னே பத்தவைக்கலாம். நீட்டிக்கிட்டு இருக்கிறதுல விட்டத்த ஒட்டு."

"இப்படி ஒரு முறை புத்தகத்துலயே இருக்குடி."

"அப்புறம் ஏன்டி வரையல, படிச்ச மகராசி?"

சிரித்தோம். சிரிப்பதற்கு எனக்கு அன்று என்ன தகுதி இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். நான் மறுபடி வரைந்தேன். நீ எட்டுத் தூண்களையும் முதலிலிருந்து செய்தாய்.

காப்பகம் நிற்கிறது. மாடியில் பிள்ளைகள் ஓடுவதைக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். மேகம் உள்ளே நுழையும் நாள்களில் அந்தக் காலடிகள் வானத்திலிருந்து வருவதுபோல இருக்கும். அந்த எஸ்டேட் உன் பட்டறையை மறுபடி கூப்பிடவே இல்லை.

திருத்திய வரைபடத்தின் மூலையில், எதனால் திருத்தம் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் நான் ‘பட்டறைப் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் நீ வேலை செய்தாய். அத்தனை நாளும் உன் கண்முன்னால் இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சல் என்று படுத்து, திரும்பி எழாத அந்தக் கடைசி வாரத்திலும் கேட்கவில்லை.

நீ போன பிறகு, அதை அடித்துவிட்டு, ‘வடிவமைத்தவரின் பிழை’ என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். உன் வீட்டுக்காரரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்று மதியம் மேனேஜர் தொலைபேசியில் அழைத்தார்.

"அந்தம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

பிறகு, பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழுப்பப் போவதாகச் சொல்லி, உன் பட்டறையின் எண்ணைக் கேட்டார். யோசிக்காமல் பத்து இலக்கங்களையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு வைத்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது பட்டறையின் எண் இல்லை, உன் கைபேசி எண். எனக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.