முன் இடது சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் காரை நடைபாதைக் கல்லில் உரசிவிட்டேன். முன் இடது சக்கரம். பளபளவென்று இருந்த அலாய் வீல், விளிம்பு முழுக்க எலி கொறித்த மாதிரி நிற்கிறது. வண்டி என் கைக்கு வந்து மூன்றே நாள்.

“கத்துக்கிட்டா மட்டும் போதுமா, ஓட்ட வேணாமா? நாம ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் இவகிட்ட இருக்கட்டும்” என்று அத்தானிடம் மல்லுக்கட்டி அக்கா வாங்கித் தந்த சாவி. அத்தான் மறுக்கவில்லை, ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். கண்ணாடியை எந்தத் துணியால் துடைப்பது என்பதுவரை. முன் இடது சக்கரத்துக்கு நாலு நாளைக்கு ஒருமுறை காற்று அடிக்க வேண்டுமாம். சக்கரத்துக்கும் மருந்துச்சீட்டு எழுதுகிற ஆள்.

பதினாலாம் தேதி வருகிறார்கள். அதற்குள் சரியாக்கியே தீர வேண்டும். எனக்காகப் பேசின அக்கா தலைகுனியக் கூடாது.

மார்ச் 4

சர்வீஸ் சென்டர்: புதுச் சக்கரம்தானாம். வர ஒரு மாதம்.

மார்ச் 5

பெயின்ட் கடை. டயரைக் கழற்றாமல், சுற்றிலும் டேப் ஒட்டி அரை மணியில் அடித்துத் தருகிறாராம். உட்பக்கம் அடிபட்டிருந்தால் என்று கேட்டேன். “உள்ள யாரும்மா பாக்கப் போறா?” என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 7

நல்ல கடை எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கேள்வியை மாற்றினேன். டயர் கடைக்காரரிடம், உங்கள் சொந்த வண்டி என்றால் எங்கே கொடுப்பீர்கள் என்றேன். யோசித்தார். “பேட்டரி கடைக்குப் பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க. ஆனா மூஞ்சிக்கு நேரா பேசுவாங்க.”

மார்ச் 9, திங்கள்

அந்த அம்மா அப்படித்தான் பேசுகிறார். என் கீறலை ஏறிட்டும் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, உட்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஓரிடத்தில் குமிழி வந்தது. டயரை எடுத்துவிட்டு அங்கே கத்தியால் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் ஏதோ பசை; பசைக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

“இது நீங்க பண்ணதில்ல. யாரோ பள்ளத்துல விட்டு, ஒட்டி மறைச்சிருக்காங்க. உங்க கீறல் ஒரு நாள் வேலை. விரிசல நான் ஒட்டித் தர மாட்டேன். வேகமா போறப்ப விட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?” இதே அளவில் நல்ல சக்கரம் தேடித் தருகிறேன், அதுவரை ஸ்டெப்னியில் ஓட்டுங்கள் என்றார்.

நாலு நாளைக்கு ஒருமுறை காற்று—

அத்தானுக்குத் தெரியும். தெரிஞ்சேதான். அக்கா தினம் இதுலதான் வேலைக்குப் போறா, அந்த நெடுஞ்சாலைல. என்ன மனுஷன் இவரு?

மார்ச் 10

வேறு சக்கரம் மாட்டிவிட்டால் என் கீறலும் போச்சு, அவர் விரிசலும் போச்சு. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பெயின்ட் கடைக்காரர் சொன்னதும் இதைத்தானே?

மாட்டேன்.

மார்ச் 11

அத்தானுக்குப் போன் செய்தேன். முதலில் என் கீறலைச் சொன்னேன். பிறகு விரிசலை. “ஒண்ணும் ஆகாதுன்னு பெயின்ட் அடிச்சவன் சொன்னான்” என்றார்.

“இங்க வர்றதுக்குள்ள அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான். இல்லன்னா நான் சொல்லுவேன்.”

அவரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 13

சக்கரம் கிடைத்து மாட்டியாயிற்று. அந்த அம்மா சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு குமிழி இல்லை. பழையதைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்களாம்.

மார்ச் 14, சனி

ரயில் நிலையத்துக்கு நானே ஓட்டிப் போனேன். அக்காவின் கண் சிவந்திருந்தது. அத்தான் சொல்லிவிட்டார். பெட்டியை வைக்க டிக்கியைத் திறந்தவள், சாக்கை விலக்கி விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். நான் சாவியை நீட்டினேன்.

“நீயே ஓட்டு” என்று முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அத்தான் பின்னால் ஏறிக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு குறிப்பும் சொல்லவில்லை.