பேரளியில் ஏறுகிறவர்

4 பிப்ரவரி, செவ்வாய்

அரியலூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஜன்னல் சீட் பிடித்தது என் அதிர்ஷ்டம். பேரளியில் ஏறும் நீலச் சட்டைக்காரர் (ஆமாம், இரண்டு மாதமாக நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறேனே, அவர்தான்) முதல்முறையாக என்னிடம் பேசினார். "கொஞ்சம் வெச்சுக்குங்க." ஒரு குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டார்! உடம்பு கொதித்தது, முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. அரியலூரில் அவரே வாங்கிக்கொண்டு இறங்கினார். குழந்தை பாவம். நான் அதைவிடப் பாவம். கல்யாணம் ஆனவரா? போச்சு.

6 பிப்ரவரி

பஸ் ஸ்டாண்டில் நர்ஸ் வளர்மதி அக்கா எங்கள் பஸ் ஆட்களை நிறுத்திவைத்தார். அந்தக் குழந்தைக்குத் தட்டம்மையாம். மடியில் வைத்திருந்தது நான் என்றேன். நீலச் சட்டைக்காரரைப் பார்த்து, "அப்பா நீங்களா?" என்றார் அக்கா.

"அய்யோ, எனக்குக் கல்யாணமே ஆவலீங்க. படியில நின்ன அம்மா குடுத்தாங்க, நான் இவங்ககிட்ட குடுத்தேன். எறங்குனதும் அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

அம்மை எச்சரிக்கைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குச் சின்ன வயதிலேயே இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அவருக்குப் போட்டதே இல்லையாம். இன்றே போடலாம் என்றதும், "ஷிப்டுக்கு நேரமாச்சுக்கா" என்று நழுவிவிட்டார். சிமெண்டு ஆலையில் வேலை செய்கிற ஆளுக்கு ஊசி பயம்! காய்ச்சல் வந்தால் பஸ் ஏறக்கூடாது, நர்ஸுக்கு போன் செய்ய வேண்டும். அந்த நம்பரை அவருக்கு அனுப்பியது நான்தான். பெயர் கலைச்செல்வன்.

14 பிப்ரவரி

அவரிடமிருந்து முதல் மெசேஜ்: "காய்ச்சல். பஸ்ஸுக்கு வரல." அதுவும் காதலர் தினத்தில்! நர்ஸுக்கல்லவா சொல்ல வேண்டும்? எனக்குச் சொல்கிறார். எனக்கு!

18 பிப்ரவரி

சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவர் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்களாம். மூச்சு வாங்குகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அவர் அம்மா விடவில்லை. ஏதாவது ஆயிடுச்சுன்னா? நான் என்ன பண்ணுவேன்? போனை அவர் அம்மாவிடமே கொடுக்கச் சொன்னேன்.

"ஆத்தா இருக்கட்டுங்கம்மா. நர்ஸும் வரட்டும். ரெண்டு பேருமா பாத்துக்கட்டுமே."

"நீ யாரும்மா?"

"பஸ்ஸுல கூட வரவ."

வளர்மதி அக்காவை உடனே அனுப்பிவைத்தேன்.

19 பிப்ரவரி

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தலையணைக்கடியில் வேப்பிலைக் கொத்தோடு.

28 பிப்ரவரி

அம்மை இறங்கி அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றாம்! எனக்கும் ஒன்றும் வரவில்லை. நான் வேலை பார்க்கும் கடையில் சும்மாவே சிரிக்கிறேன் என்கிறார்கள்.

9 மார்ச், ஞாயிறு

அம்மாவும் பிள்ளையும் பெண் பார்க்க வந்தார்கள். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாதென்று அத்தனை நாள் பத்தியம். பஜ்ஜித் தட்டை மனிதர் இரண்டு தடவை காலி செய்தார். "பொண்ணுக்கு..." என்று அவர் அம்மா கேட்டு முடிப்பதற்குள் "புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெட்கமெல்லாம் அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வந்தது.