யோசேப்பின் முதுகு

ஓர்திசேய், 9 பிப்ரவரி 1964

விஜில்,

அனுப்ப மாட்டேன். வேறு எதையாவது கேள். நான் சுகம், முழங்கால் மட்டும் இல்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பத்திரிகைப் படத்தில் கன்னம் உப்பியிருக்கிறது. பனி ஜன்னலை எட்டிவிட்டது. உன் அக்கா நோட்புர்காவுக்கு மூன்றாவதும் பெண்.

பத்தொன்பது வயதில் நீ செதுக்கிய, குழந்தையை ஏந்திய புனித யோசேப்பை மிலான் கண்காட்சிக்குக் கேட்கிறாய், அதுவும் என் வண்ணத்தைச் சுரண்டி, வெறும் மரமாக. வீட்டில் மரத்தின் மேல் பொய் பூசினார்கள், அதிலிருந்து தப்பித்துத்தான் சிற்பி ஆனேன் என்று பேட்டி வேறு. லாரி ஓட்டும் செப்பல் அதை ரொட்டிக் கடையில் சத்தமாக வாசித்துவிட்டு, ‘என்ன ஒட்டிலியாக்கா, முப்பது வருஷமா பொய்யா பூசுனீங்க? எனக்கும் ஒரு டப்பா குடுங்க, வீட்டுக்காரிகிட்ட பேசுறப்ப ஆகும்’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசையில் வீசினேன்.

ஏழு வருஷம் அப்பாவின் மேசையில் பழகினாய். முதலில் விரல்கள், பிறகு துணி மடிப்பு, கடைசியில் முகம். முதுகைக் குடையாமல் இங்கே யாரும் சிலையை முடிப்பதில்லை, நடுமரம் காயும்போது முகம் வெடிக்கும். தெரிந்தும் யோசேப்பை நீ குடையவில்லை. ‘முதுகும் முதுகாவே இருக்கட்டும்ப்பா, நான் என்ன சுவர்ல சாத்தி வைக்கவா செதுக்குறேன்?’ என்று எகிறினாய். அதற்குப் பரிசும் வாங்கினாய். அந்த வாரமே மிலானுக்கு ரயில் ஏறினாய். அங்கே களிமண், பிறகு வெண்கலம், பிறகு பெயர்.

அந்த நவம்பரில் அடுப்பு மூட்டினோம். யோசேப்பு இடது கண்ணிலிருந்து தாடி வரை வெடித்தார், விரல் நுழையும். அப்பா கவிழ்த்துப் போட்டு முதுகைக் குடைந்தார், பலகை வைத்து மூடினார். நான் சுண்ணமும் பசையும் அடைத்து எட்டு நாள் வண்ணம் பூசினேன். ‘பயலுக்குச் சொல்லாதே, கை நடுங்கிடும்’ என்றார். ஈஸ்டருக்கு வந்த நீ, ‘கெடுத்துட்டியேம்மா’ என்றாய். அப்பா சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாகும்வரை சொல்லவில்லை. உன் கையும் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன் கையைக் காக்கட்டும், நாக்கை நீயே பார்த்துக்கொள்.

உன் அம்மா,
ஒட்டிலியா

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை யோசேப்பின் முகத்தை, அந்த வெடிப்பு தெரியும்வரை, நானே சுரண்டிவிட்டேன். நீ கேட்ட வெறும் மரம் இதுதான். அவர் கையிலிருக்கும் குழந்தையின் முகத்தை மட்டும் சுரண்டவில்லை. வைக்கோல் சுற்றி, பெட்டியில் ஆணி அடித்து, செப்பலின் லாரியில் ஏற்றினேன்.