கல்கத்தா மைதானத்தில் ஒரு "வுடு"

உன் அக்கா இன்று காலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அந்த நெடி கூடத்துக்கு வந்ததும் உன் விளையாட்டுப் பையைத் திறந்ததுபோல் இருந்தது. நீ காலமாகி ஏழு மாதம் ஆகிறது, மச்சான்.

1993இல் கல்கத்தா கிளப் ஒன்று உன்னைத் தடுப்பாட்டக்காரனாக எடுத்தது. விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி ஏறும்போது அக்கா கேட்டாள்: "பந்த ஒதைக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"ஒதைக்கறவன நிறுத்தறதுக்குக்கா."

மூன்றாவது ஆட்டத்திலேயே சறுக்கல். உயரே வந்த பந்தைத் தலையால் முட்டித் தள்ள நீ பின்னோக்கி ஓடினாய். கோல்கீப்பரும் முன்னால் ஓடி வந்தார். பந்தை உன்னிடம் விடச் சொல்லி "வுடு! வுடு!" என்று கத்தினாய். அந்த வங்காளிக்கு என்ன தெரியும்? இருவரும் மோதி விழுந்தீர்கள். பந்து காலி வலைக்குள் உருண்டது. அந்த சீசன் முழுக்க உன்னை வெளியே உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்டம் உண்டா என்றே தெரியாமல் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

வாத்தியார் புத்தி எனக்கு. "பெங்காலி கத்துக்கோ," என்றேன்.

"கத்துக்கினுதான் இருக்கேன் மாமா. ஆனா பந்து தலைக்கு மேல வர்றப்ப நம்ம ஊரு பேச்சுதான் வாய்ல வருது. அவருக்குப் புரியலன்னா, கத்துன என் மேலதான் தப்பு."

இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம் என்றது கிளப். காலாண்டு விடுமுறையில் உன் ஆட்டம் பார்க்க வந்தேன். கடைசி நிமிடங்கள், ஒரு கோல் முன்னிலை. பந்து உயர்ந்து வந்தது. "வுடு!" என்று ஒரு குரல். உன் குரல் இல்லை; பக்கத்தில் ஆடிய கோவாக்காரர்! கீப்பர் சட்டென்று நின்றார். கோவாக்காரர் பந்தை முட்டி வெளியே தள்ளினார். அடுத்த பந்துக்கு மணிப்பூர்க்காரர் "வுடு!" என்றார். கரும்பலகையில் எழுதிய சூத்திரம் யார் கையிலும் வேலை செய்யுமே, அப்படி. அத்தனை ஆயிரம் பேர் நடுவே விழுப்புரத்தை அடுத்த நம் காணைப் பக்கத்துப் பேச்சு!

"எப்படிடா?" என்றேன்.

"தெனம் டீ குடிக்கறப்ப சொல்லிக்குடுத்தேன் மாமா. அவங்க வார்த்தை நீளம். சொல்லி முடிக்கறதுக்குள்ள கோலே வுழுந்துடும்!"

ஒன்பது ஆண்டுகள் ஆடினாய். முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தும் எழுந்து வந்தாய். மூன்றாம் முறை அடிபட்டபோது முடியவில்லை; ஆட்டத்தை விட்டாய். அதற்கும் நீ யாரையும் குறை சொல்லவில்லை.

கல்கத்தாவிலிருந்து திரும்பிய பிறகு என் வகுப்பில் "புரியலையா?" என்று நான் யாரையும் அதட்டியதில்லை. "புரியும்படி சொன்னேனா?" என்று கேட்பேன். "பாதிதான் சார்," என்பார்கள். பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.