மணல்திட்டு மூழ்கிய செவ்வாய்க்கிழமை

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நோய்நொடியில்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, என்னிடம் முகம் கொடுத்தும் பேசுவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

அணைக்குக் கீழே ஆற்று நடுவில் உள்ள மணல்திட்டு உனக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஆலாப் பறவைகள் வந்து வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும், மழைக்குள் குஞ்சுகள் பறந்துவிடும், நான் ஷட்டர் அறைக்கு வந்த இருபத்தெட்டு வருஷத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. இந்த வருஷம் கோடை முடியுமுன்பே மலையில் மழை கொட்டிவிட்டது. குஞ்சுகளுக்கு இறகே சரியாக முளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் மளமளவென்று ஏறியது, இன்ஜினீயர் போன் பண்ணி நாலு ஷட்டரையும் தூக்கச் சொன்னார். "சார், பத்து நாள் போனா எல்லாம் பறந்துடும் சார்" என்றேன், பைத்தியக்காரப் பேச்சு என்று எனக்கே தெரியும். "அணை பத்து நாள் தாங்குமாய்யா? கீழ இருக்கிற ஜனங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆற்றில் இருப்பவர்கள் கரையேற அபாயச் சங்கு ஊதி அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதற்குள் அம்மா வெங்காயக் கூடையைக் கொட்டிவிட்டு அதோடு ஆற்றில் இறங்கிவிட்டாள், கத்தினேன், கேட்கவில்லை. பதினோரு குஞ்சுகளோடு அவள் கரையேறியதை ஜன்னலில் பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்கினேன். மற்றதெல்லாம் போயிற்று.

தாய்ப் பறவைகள் அலகில் மீனோடு, திட்டு இருந்த இடத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. கரையில் குஞ்சுகள் கூப்பிட்டும் ஒன்றுகூட இறங்கவில்லை. அம்மா மீனை நறுக்கி ஊட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை இரண்டு மிச்சம், நேற்று அதுவும் இல்லை. "உங்க கையாலதானே" என்று மட்டும் சொன்னாள். போன வருஷமும் மழை முந்திக்கொண்டுதான் வந்தது, அப்போது பாதி தப்பியது. இனி அடுத்த கோடை வரை மணல் தெரியாது, அப்போது பறவைகள் வந்தாலும் எத்தனை வரும் என்று எண்ண எனக்குத் தைரியமில்லை. இன்று காலை வானம் ஒரு பறவையும் இல்லாமல் சும்மா இருந்தது.

உங்கள் ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மூவரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள். லீவுக்கு வந்தால் குஞ்சுகளைக் காட்டுகிறேன் என்று சின்னவனிடம் போனில் சொல்லியிருந்தேன். நீயே அவனிடம் ஏதாவது சொல்லிவிடு மகளே, எனக்கு வாய் வராது.

இப்படிக்கு,
உன் அப்பா