மேப்பில் மூடிய கடை

செப்டம்பர் 15, திங்கள்

இன்று முழுக்க மூன்றே பேர். தீபாவளி நெருங்குகிறது, பிளவுஸ் தைக்க வந்தது மூன்றே பேர்! போன வருடம் இதே நேரம் அலமாரியில் இடமில்லாமல் துணிப்பைகள் தரையெல்லாம் கிடந்தன. இரும்புலியூரில் இந்த வருடம் யாருமே புதுப்புடவை எடுக்கவில்லையா?

சாயங்காலம் ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், கடைய மூடிட்டீங்களா? மேப்ல நிரந்தரமா மூடப்பட்டதுன்னு காட்டுது."

பார்த்தேன். ஆமாம், சிவப்பு எழுத்தில். 'சாஹிரா டிசைனர் பிளவுஸ்' மூடப்பட்டதாம். நான் உள்ளே உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருக்கிறேன்!

தானாக எப்படி மூடும்? யாரோ செய்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கடையை மேப்பில் ஏற்றியது என் வீட்டுக்காரர் அயூப்தான். போட்டோ, நம்பர், எல்லாம் அவர் வேலை. போன் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் மனுஷன். டீ குடித்த கடை, காற்றடித்த பங்க், ஒன்றையும் விடாமல் ஸ்டார் போடுவார். "மேப்ல நான் லெவல் ஆறு, தெரியுமா?" என்று பெருமை வேறு.

"தொறந்திருக்குன்னு மாத்திட்டேன், விடு" என்றார். யார் மூடியது என்று கேட்டால், "பப்ளிக்ல யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்கிறார்.

எந்தப் பப்ளிக்? அதைத்தானே கேட்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எதிர்வரிசை ஃபேன்சி ஸ்டோர் ராஜாராமன் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடமாகச் சிரிக்காதவர். ஏன்?

செப்டம்பர் 20, சனி

மறுபடியும் சிவப்பு. நேற்றுக் காலைவரை நன்றாகத்தான் இருந்தது.

இது ராஜாராமன் வேலை இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன், இன்றுதான் கவனித்தேன்.

அப்படியென்றால் இந்த வேலை தெரிந்தவள் ஒருத்திதான். தீபா. ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரி வேலை கற்றவள். போன வருடம் "மேடவாக்கத்துல தனியா வெச்சுக்கறேன்க்கா" என்று கிளம்பினாள். நான்தானே துவா செய்து அனுப்பினேன்! இப்போது தினம் ஒரு வீடியோ போடுகிறாள். அவள் கடைக்கு வந்த ரெவ்யூவைத் திறந்தால் மேலே இருப்பதெல்லாம் அஞ்சு ஸ்டார். ஒருத்திக்குக்கூடவா கை டைட்டாக இருந்திருக்காது?

செப்டம்பர் 23, செவ்வாய்

தனம் அக்கா வந்தார். பழைய கஸ்டமர், பள்ளிக்கரணைக்குக் குடி போனவர். "மேப்ல மூடியாச்சுன்னு இருந்துச்சும்மா. சரின்னு தீபா கடைக்குப் போனேன். அது தப்புங்க, சாஹிராக்கா கடை தொறந்துதான் கீது, நீங்க அங்கயே போங்கன்னு அந்தப் பொண்ணுதான் அனுப்பிச்சுது" என்றார்.

கையில் வந்த கஸ்டமரை யாராவது திருப்பி அனுப்புவார்களா? மேப் தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூடினவளுக்குத்தானே தெரியும்!

செப்டம்பர் 27, சனி

மூன்றாவது முறை. என் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?

தாம்பரம் லேடீஸ் டெய்லர் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "சோறு போட்டு தொழில் கத்துக் கொடுத்த கையவே சில பேரு கடிக்கிறாங்க. மேடவாக்கம் போனா எல்லாம் மறந்துடுமா?" பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

உடனே தீபா போன். "அக்கா, நானாக்கா? உங்க வூட்டு சோத்த துன்னவ நானு. என்னப் போயா சொல்றீங்க?" "அப்ப வேற யாரு?" என்றேன். வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தீபா குரூப்பை விட்டுப் போய்விட்டாள். தப்பு செய்யாதவள் எதற்கு ஓடணும்?

அக்டோபர் 3, வெள்ளி

வெள்ளி மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சமைக்க வீட்டுக்குப் போவது என் வழக்கம். இன்று அவசர பிளவுஸ் ஒன்று. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆ முடிந்து இவர் பக்கத்து டீக்கடையில் வந்து நின்றது தெரிந்தது. குனிந்து பார்த்தால் — டீயைக் குடித்துக்கொண்டே போனில் எதையோ தட்டுகிறார், முகத்தில் ஒரு சிரிப்பு. யாரோடு பேசுகிறார்? வெளியே வந்து போனைப் பிடுங்கினேன்.

"நம்ம கடை இப்ப தொறந்திருக்கான்னு மேப் கேக்குது. ஷட்டர் இறங்கியிருந்துச்சு, இல்லன்னு போட்டேன். வாராவாரம் இங்க டீ குடிக்கும்போது கேக்கும்."

"வாராவாரம் இல்லைன்னா போட்டீங்க?"

"தொழுதுட்டு வந்து பொய் சொல்லச் சொல்றியா?"

வெள்ளி மதியம் லீவு என்பதை மேப்பில் ஏற்றினீர்களா என்றேன். "நீ ஏத்தச் சொல்லவே இல்லியே." பகல் முழுக்கத் திறந்திருக்கும் என்று இவரே எழுதிவிட்டு, இல்லை இல்லை என்று இவரே சாட்சி சொன்னால்? அதுவும் லெவல் ஆறு சொன்னால் மேப் நம்பாதா?

யா அல்லாஹ். தீபா, நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

தீபா போனை எடுக்கவில்லை. குரூப்பில் அவள் பேரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவள் அதில் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

மேடவாக்கம் போனேன். கடையில் நல்ல கூட்டம். "வாங்க" என்றாள். நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிச்சிடும்மா என்றேன். "பரவால்ல, விடுங்க" என்று சிரித்தாள். பஸ் ஏறும்போது மனசு லேசாக இருந்தது. ஏதோ ஒன்று குறைந்த மாதிரியும் இருந்தது. கூட்டத்தில் நிம்மதியாகப் பேச முடியவில்லை, அதுதான் போல.

அக்டோபர் 11, சனி

வெள்ளி நேரத்தை மேப்பில் சரி செய்தாயிற்று. கூட்டம் திரும்பிவிட்டது. தரையில் பைகள், நிற்க இடமில்லை.

இவரிடம் கேட்டு தீபா கடைக்கு ரெவ்யூ போட்டேன். அஞ்சு ஸ்டார். 'என்னிடம் கற்றவள். இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறாள். நம்பிப் போகலாம்.'

அக்டோபர் 12, ஞாயிறு

பதில் போட்டிருக்கிறாள். 'மிக்க நன்றி மேடம்.'

மற்றவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். நன்றிக்கா. ரொம்ப நன்றிக்கா. அடிக்கடி வாங்கக்கா. கீழே ஒருத்தி கை டைட் என்று ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தாள். அவளுக்கும், 'மன்னிச்சுக்கோங்க அக்கா, கொண்டாங்க, பிரிச்சுத் தரேன்.'