குடியிருப்பு மனையில் விறகு

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சவுக்குக் கட்டைகளுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். ஒரு மூலை கிழிசல். வாங்க வேண்டியவை: புதுத் தார்ப்பாய், கோடாலிக்குக் காம்பு, இவருக்கு இருமல் மருந்து.

பதினோரு மணிக்குப் பேரூராட்சி நோட்டீஸ். குடியிருப்பு மனையில் விறகு அடுக்கி விற்பதாகப் புகார். ஏழு நாளில் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவர்களே வந்து அள்ளிக்கொண்டு போவார்களாம். நாங்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் நடவு வயல். அப்போது எந்த விதியும் எட்டிப் பார்க்கவில்லை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டு மேனேஜர். பாங்கில் ரிட்டயர் ஆகி வந்து மாடி கட்டிக்கொண்டவன். நான் கோடாலியை ஓங்கினாலே ஜன்னலைச் சாத்துவான்.

இவர் ரேஷன் கடை வேலையிலிருந்து மதியம் வந்து நோட்டீஸைப் படித்தார். "எடுத்துடு செல்வி. எதுக்கு வம்பு?" சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். கட்டை காயும், நல்லது.

மேனேஜர் பால் வாங்கக் கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். அவன் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"நான் எந்த மனுவும் எழுதலம்மா. உங்க மரத்தூசியில என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது. அதை உங்க முகத்துக்கு நேராவே சொல்றேன். எழுதினா பேரைப் போட்டுத்தான் எழுதுவேன்."

நம்பவில்லை. அவன் மட்டும் யோக்கியமா? வீட்டுச் சாய்தளம் பாதி ரோட்டை அடைத்திருக்கிறது. சாக்கடைக் குழாய் நேராக வாய்க்காலில். இரண்டையும் எழுதி ஒரு மனு தயார் செய்தேன். கை வலி.

ஐப்பசி 5, புதன்

பேரூராட்சி அலுவலகம். இரண்டு மணி நேரம் பெஞ்சில். என் மனுவை வாங்கிக்கொண்டார்கள். விதியைக் கிளார்க் பெண் விளக்கினாள். வீட்டுக்குள் தையல் மெஷின் போடலாம், வடகம் பிழியலாம். விறகு அடுக்கக் கூடாது, தீப்பிடிக்கும் பொருளாம். மெயின் ரோட்டில் கடைப் பகுதி என்றால் உரிமம் தருவார்களாம்.

புகார் யார் கொடுத்தது என்று கேட்டேன். காட்டக் கூடாதாம். ஆனால் தேதி பார்க்க அவளே கோப்பைப் புரட்டினாள். என் கண்முன்தான். அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று என் நாத்தனார் வசந்தா, மூன்று வீடு தள்ளி இருப்பவள். இன்னொன்று, ரேஷன் கார்டிலும் பிள்ளையின் மார்க் ஷீட்டிலும் பதினெட்டு வருடமாக நான் பார்க்கும் கையெழுத்து.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

இவர் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறவில்லை. எதிரில் நின்று கேட்டேன். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அக்காதான் எழுதுச்சு. கடைக்கு வர்றவனெல்லாம் 'விறகுக்காரி புருஷன்'னு சொல்றான். சரின்னுட்டேன்."

அப்புறம், தானே சாதம் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி 6, வியாழன்

அவருடைய சட்டை துவைக்கவில்லை. வசந்தா வாசலோடு போனாள். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். வாரம் தவறாமல் என்னிடம் சும்மா விறகு வாங்கிப் போனவள்.

மேனேஜரிடம் மன்னிப்பு? கேட்கவில்லை. சாக்கடை சாக்கடைதானே. மனுவையும் திரும்ப வாங்கப்போவதில்லை.

பிற்பகல் மெயின் ரோடு போனேன். ரைஸ் மில்லுக்குப் பக்கத்துக் காலி இடம். மில்காரர் மனைவி வாடகைக்குச் சம்மதித்தார். "நீங்களே நடத்துறீங்களா, உங்க வீட்டுக்காரரா?" என்றார். நான்தான் என்றேன்.

ஐப்பசி 8, சனி

டிராக்டரில் மூன்று நடை. சவுக்கு, புளி, தென்னை மட்டை, எல்லாம் போய்விட்டது. மேனேஜர் ஜன்னல் திறந்திருந்தது. இவர் உள்ளே பேப்பர் படித்தார். எழுந்து வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உரிம விண்ணப்பம் நிரப்பினேன். தந்தை / கணவர் பெயர் என்று ஒரு கட்டம்.

அப்பா பெயரை எழுதினேன்.